இயற்பியல் கணக்கின் மொழி: தீர்வுக் குறிப்புகளும் கற்போர்க்கான துணையும் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

தொடக்கநிலை இயற்பியலில் கணக்குகளைத் தீர்க்க மாணவர் இடர்ப்படுவதற்குக் கணிதப் பயிற்சிக் குறைவே காரணம் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. தமிழ்வழிக் கல்வியில் அவ்விடர்ப்பாட்டின் ஒரு பகுதி கணக்கின் மொழியிலும், தீர்வு எழுதப்படும் முறையிலும் உள்ளது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. கலைச்சொல், வாக்கிய அமைப்பு, குறிப்பாக உணர்த்தப்படும் தரவு, தீர்வின் இணைப்புச்சொற்கள் ஆகிய நான்கும் இங்கு ஆராயப்படுகின்றன. இயற்பியல் கல்வி ஆய்வுகளின் முடிவுகளும் நன்னூல் கூறும் உரைமரபும் ஒப்புநோக்கப்பட்டு, தீர்வை ‘உரை’யாக எழுதும் வழி முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இயற்பியல் கணக்கு, தீர்வு, கலைச்சொல், காண்டிகையுரை, தமிழ்வழிக் கல்வி, பாடம் கேட்டல்.

1. முன்னுரை

அறிவியல் தமிழ் பற்றிய உரையாடல் நெடுங்காலமாகக் கலைச்சொல்லை மையமிட்டே நடந்துவந்துள்ளது. 1916ஆம் ஆண்டு சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் முன்னின்று தொடங்கிய தமிழ்ச் சாத்திரியப் பரிபாஷைச் சங்கம் முதலாக இம்முயற்சி ஒரு நூற்றாண்டைக் கடந்துள்ளது. அதன் பயனை இன்று மறுப்பார் இலர். பள்ளி மாணவர் ‘முடுக்கம்’, ‘உந்தம்’, ‘நிலைமம்’ என்னும் சொற்களை இயல்பாகக் கையாள்கின்றனர்.

ஆயினும் மாணவர் எதிர்கொள்வது தனிச்சொல்லை அன்று, கணக்கை. கணக்கு என்பது சில வாக்கியங்களால் ஆகிய ஒரு சிறு பனுவல். அதனைப் படித்து, ஒரு நிகழ்வை மனத்தில் அமைத்து, அந்நிகழ்வுக்குரிய விதியைத் தேர்ந்து, பின்னரே மாணவர் கணிக்கத் தொடங்குகிறார். இவற்றுள் முதல் மூன்றும் மொழியோடு தொடர்புடையவை. கலைச்சொல் பெற்ற அளவு கவனத்தைக் கணக்கின் வாக்கியமும் தீர்வின் நடையும் பெறவில்லை என்பதே இக்கட்டுரையின் முதன்மைக் கருத்து. இப்பொருள் இயற்பியல் துறைக்கு உரியதாகத் தோன்றினும், உரைநடையையும் உரைமரபையும் கற்ற தமிழாய்வாளர் தம் பங்கை ஆற்றவேண்டிய களமும் ஆகும்.

2. ஒரு சொல், இரு பொருள்

கலைச்சொல்லாக்கம் நிறைவுற்றதாகக் கருதப்படும் இடத்திலேயே முதல் சிக்கல் உள்ளது. தமிழகப் பாடநூல்களில் ‘நிறை’ என்பது பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு. ‘எடை’ என்பது அதன்மீது புவி செலுத்தும் ஈர்ப்பு விசை. இலங்கைப் பாடநூல்களில் முன்னது ‘திணிவு’, பின்னதே ‘நிறை’. தமிழகத்தில் ‘வேகம்’ திசையற்ற அளவு, ‘திசைவேகம்’ திசையுடைய அளவு. இலங்கையிலோ திசையற்றது ‘கதி’, திசையுடையது ‘வேகம்’. முடுக்கம் அங்கு ‘ஆர்முடுகல்’, ஆற்றல் ‘சக்தி’, திறன் ‘வலு’, இயற்பியல் என்னும் துறையே ‘பௌதிகவியல்’.

ஆர்முடுகல், முடுக்கம் போன்ற வேறுபாடுகளால் தீங்கு இல்லை. அறியாத சொல்லைக் கண்ட மாணவர் நின்று பொருள் தேடுவார். அறிந்த சொல்லே வேறு பொருளில் வரும்போதுதான் பிழை ஓசையின்றி நுழைகிறது. ‘மாறாத வேகத்துடன் வட்டப்பாதையில் இயங்கும் பொருளுக்கு முடுக்கம் உண்டா?’ என்ற வினாவைக் கொள்வோம். தமிழக மாணவருக்கு இது முறையான வினா. வேகம் மாறாவிடினும் திசை மாறுவதால் திசைவேகம் மாறுகிறது. ஆகவே முடுக்கம் உண்டு. இலங்கை மாணவருக்கு இவ்வினாவே முரணுடையது. வட்டப்பாதையில் வேகம் மாறாதிருத்தல் இயலாது, கதிதான் மாறாதிருக்கக்கூடும். காணொளிப் பாடங்களும் மின்னூல்களும் கடலைக் கடந்து பயிலப்படும் இக்காலத்தில், ஒரு நாட்டு ஆசிரியரின் சரியான விளக்கம் மற்றொரு நாட்டு மாணவரிடம் தவறான கருத்தாக மாறும் வாய்ப்பு உண்டு.

அன்றாட வழக்கும் இதனோடு சேர்கிறது. கடையில் ‘எடை 5 கிலோ’ என்கிறோம். பாடத்தில் எடையை நியூட்டனில் கூறவேண்டும். தலையில் சுமையுடன் அசையாது நிற்பவர் கடுமையாக வேலை செய்வதாக வழக்கு கருதும். சுமை இடம்பெயராமையால் அதன்மீது அவர் செய்யும் வேலை சுழி என இயற்பியல் கூறும். இம்முரண்களை விளக்காமல் சூத்திரத்திற்குச் செல்லும் பாடம், மாணவரின் முன்னறிவைத் தனக்கு எதிராகவே விட்டுச் செல்கிறது.

குறியீடுகளின் நிலையும் நோக்கத்தக்கது. தமிழ்வழி நூல்களிலும் சூத்திரங்கள் உரோமன் எழுத்துகளிலேயே எழுதப்படுகின்றன. உலகப் பொதுமை கருதி இது ஏற்கத்தக்கதே. ஆயினும் ஆங்கிலவழி மாணவருக்கு அவ்வெழுத்து ஒரு சொல்லின் முதலெழுத்து. தமிழ்வழி மாணவருக்கு வெறும் வடிவம். ‘எம்’ என்னும் எழுத்து நிறையையும் குறிக்கிறது, மீட்டர் என்ற அலகையும் குறிக்கிறது. ‘டபிள்யூ’ வேலை, எடை, வாட் ஆகிய மூன்றுக்கும் வருகிறது. எழுத்துக்கும் பொருளுக்கும் உள்ள உறவை ஒவ்வொரு முறையும் சொல்லால் நினைவூட்டுவது தமிழ்வழி ஆசிரியருக்குக் கூடுதல் கடமையாகிறது.

3. வாக்கிய அமைப்பு

தமிழில் அடைகள் பெயருக்கு முன்னே வரும். செய்யுளிலும் கதையிலும் அழகு சேர்க்கும் இவ்வியல்பு, கணக்கில் சுமையாகிவிடக்கூடும். பயிற்சி ஏடுகளில் பரவலாகக் காணும் நடைக்குச் சான்றாகப் பின்வரும் தொடரை அமைத்துக் காட்டலாம்:

‘ஓய்வுநிலையிலிருந்து சீரான முடுக்கத்துடன் இயங்கத் தொடங்கி 5 வினாடிகளில் 20 மீ/வி திசைவேகத்தை அடையும் 1000 கி.கி. நிறையுள்ள மகிழுந்தின்மீது செயல்படும் விசையைக் காண்க.’

இதில் மகிழுந்து என்ற பொருள் தோன்றும் முன்பே ஓய்வு, முடுக்கம், காலம், திசைவேகம், நிறை என்னும் ஐந்து செய்திகள் வந்துவிடுகின்றன. இயங்குவது எது என்று அறியாமலேயே அதன் இயல்புகளைப் படிப்பவர் சுமந்து செல்ல வேண்டியுள்ளது. பழகாத மாணவர் நிகழ்வை விட்டு எண்களைப் பற்றிக்கொள்வது இத்தகைய வாக்கியத்திற்கு இயல்பான எதிர்வினையே. இதே செய்தியைப் பின்வருமாறும் கூறலாம்:

‘ஒரு மகிழுந்தின் நிறை 1000 கி.கி. அது முதலில் ஓய்வில் உள்ளது. பின்னர்ச் சீராக முடுக்கமடைந்து 5 வினாடிகளில் 20 மீ/வி திசைவேகத்தைப் பெறுகிறது. அதன்மீது செயல்படும் நிகர விசை எவ்வளவு?’

இரண்டிலும் விடை ஒன்றே: முடுக்கம் 4 மீ/வி², விசை 4000 நியூட்டன். ஆனால் பின்னதில் பொருள் முதலில் வருகிறது; நிகழ்ச்சி காலவரிசையில் விரிகிறது; வினா தனித்து நிற்கிறது. ‘நிகர’ என்ற அடையும் இன்றியமையாதது. மகிழுந்தின்மீது ஈர்ப்பு விசை, சாலையின் செங்குத்து விசை, உராய்வு, காற்றுத்தடை எனப் பல விசைகள் செயல்படுகின்றன. ‘செயல்படும் விசை’ என்று ஒருமையில் மட்டும் கூறினால், இவற்றின் கூட்டு விளைவே முடுக்கத்திற்குக் காரணம் என்ற அடிப்படைக் கருத்து மறைந்துவிடுகிறது.

4. குறிப்பாக உணர்த்தப்படும் தரவு

கணக்கில் எண்ணாகத் தோன்றாத தரவுகளும் உண்டு. ‘ஓய்விலிருந்து’ என்றால் தொடக்கத் திசைவேகம் சுழி. ‘வழவழப்பான தளம்’ என்றால் உராய்வைக் கருதவேண்டியதில்லை. ‘இலேசான கயிறு’ என்றால் கயிற்றின் நிறை புறக்கணிக்கத்தக்கது. ‘நீட்சியற்ற கயிறு’ என்றால் நிலையான கப்பியின் இருபுறமும் தொங்கும் பொருள்களின் முடுக்கம் அளவில் சமம். இவை வருணனை போல் தோன்றும் கட்டளைகள். அகப்பாடலில் ஒரு மலரோ பறவையோ திணையைச் சுட்டுவதை மரபறிந்தவரே உணர்வது போல, இச்சொற்களின் ஆற்றலையும் மரபறிந்தவரே உணர்வர். அம்மரபைக் கற்பிக்காமல், ‘கணக்கைக் கவனமாகப் படி’ என்று மட்டும் அறிவுறுத்துவதால் பயன் இல்லை. எதைக் கவனிப்பது என்பதே மாணவருக்குத் தெரியாதது.

5. தீர்வு என்னும் எழுத்துவகை

பாடநூலிலும் துணைநூலிலும் வரும் தீர்வுகள் பெரும்பாலும் ஒரே வடிவின. கொடுக்கப்பட்டவை, காணவேண்டியது, சூத்திரம், பிரதியிடல், விடை என்பன அதன் உறுப்புகள். இவ்வடிவத்தின் நன்மைகளை மறுத்தல் முறையன்று. தரவுகளை ஒழுங்குபடுத்தவும் அலகுகளைச் சரிபார்க்கவும் இது பழக்குகிறது. தேர்வுத்தாளைத் திருத்துவோர்க்கும் எளிது.

ஆனால் இத்தீர்வின் இணைப்புச்சொற்களை உற்றுநோக்கின் ஒரு குறை புலப்படும். ‘ஆகவே’, ‘எனவே’ என்பன எண்கணிதப் படிகளுக்கு இடையிலேயே வருகின்றன. 1000ஐ 4ஆல் பெருக்கினால் 4000 என்பதற்கு ‘ஆகவே’ தேவையே இல்லை. உண்மையான ஏதுவைக் கோரும் இடம் ‘சூத்திரம்’ என்ற தலைப்புக்கு முன்னர் உள்ளது. இந்நிகழ்வுக்கு ஏன் நியூட்டனின் இரண்டாம் விதி? ஏன் ஆற்றல் மாறா விதி அன்று? அவ்விடத்தில் தீர்வு மௌனம் காக்கிறது. கணக்கைத் தீர்த்தலில் அறிவு செயல்படும் ஒரே இடம் எழுதப்படாமல், அறிவு தேவைப்படாத இடம் விரிவாக எழுதப்படுகிறது.

இதன் விளைவை ஒரு கணக்கால் விளக்கலாம். வழவழப்பான சாய்தளத்தில் 5 மீ உயரத்தில் ஓய்விலிருந்து விடப்படும் கட்டை அடியை அடையும்போது பெறும் வேகம் யாது? ‘சாய்தளக் கணக்கு’ என்று வகைப்படுத்திக்கொண்ட மாணவர் விசையைக் கூறுகளாகப் பகுக்க முயல்வார். கோணம் தரப்படவில்லை என்று நின்றுவிடுவார். உராய்வு இல்லை, ஆகவே நிலையாற்றல் முழுவதும் இயக்க ஆற்றலாகிறது என்று காண்பவருக்குக் கோணம் தேவையில்லை. ஈர்ப்பு முடுக்கம் 10 மீ/வி² எனக் கொண்டால் வேகம் 10 மீ/வி. தன் தாழ்நிலைக்கு மேல் 5 மீ உயரத்தில் விடப்படும் ஊசல்குண்டு அத்தாழ்நிலையில் பெறும் வேகமும் காற்றுத்தடையைப் புறக்கணித்தால் இதுவே. தோற்றத்தில் இரண்டும் வெவ்வேறு கணக்குகள், விதியால் ஒன்று.

6. கல்வி ஆய்வுகள் காட்டுவன

மேற்கூறிய வேறுபாட்டை மிச்சலின் சி, பால் ஃபெல்டோவிச், ராபர்ட் கிளேசர் ஆகியோர் 1981இல் வெளியிட்ட ஆய்வு தெளிவாக்கியது. இயற்பியல் கணக்குகளை வகைப்படுத்துமாறு கேட்டபோது, தொடக்கநிலையினர் சாய்தளம், சுருள்வில் என வெளித்தோற்றத்தால் பிரித்தனர். வல்லுநர் அடிப்படை விதிகளால் பிரித்தனர். தீர்வு நூல்கள் ‘சாய்தளக் கணக்குகள்’, ‘மின்தூக்கிக் கணக்குகள்’ எனத் தலைப்பிடும்போது தொடக்கநிலையினரின் பார்வையையே நிலைபெறச் செய்கின்றன எனலாம்.

சியும் பிறரும் 1989இல் வெளியிட்ட ஆய்வு மற்றொன்றைக் காட்டுகிறது. தீர்க்கப்பட்ட எடுத்துக்காட்டுகளைப் படிக்கையில் ஒவ்வொரு படிக்கும் காரணத்தைத் தமக்குத்தாமே விளக்கிக்கொண்ட மாணவரே பின்னர்க் கணக்குகளை நன்கு தீர்த்தனர். ஆகவே தீர்வு நூல் தன்னளவில் தீயதன்று. அதனைப் படிக்கும் முறையே பயனை முடிவு செய்கிறது.

கணக்குகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதே வழி என்ற நம்பிக்கைக்கும் மறுப்பு உண்டு. கொரிய மாணவரிடையே நடத்தப்பட்டு 2002இல் வெளியான கிம், பாக் ஆகியோரின் ஆய்வு, ஆயிரக்கணக்கில் மரபான கணக்குகளைச் செய்த பின்னரும் இயக்கவியலின் அடிப்படைக் கருத்துகளில் மாணவரின் இடர்ப்பாடுகள் நீங்கவில்லை எனக் கண்டது. பொதுத்தேர்வையும் நுழைவுத்தேர்வையும் முன்னிட்டு வினா வங்கிகளைப் பெருக்கிக்கொண்டிருக்கும் தமிழகச் சூழலில் இம்முடிவு மிகுந்த கவனத்திற்குரியது.

7. சூத்திரமும் உரையும்

‘சூத்திரம்’ என்ற சொல் தமிழில் இலக்கணத்திற்கும் இயற்பியலுக்கும் பொதுவானது. இவ்வொற்றுமை பயனுள்ள ஒப்பீட்டுக்கு வழி தருகிறது. இலக்கண மரபில் சூத்திரம் உரையின்றிப் பயிலப்படுவதில்லை. நன்னூலின் பொதுப்பாயிரம் காண்டிகையுரையின் உறுப்புகளாகக் கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை என்பவற்றைக் கூறுகிறது. இவற்றை அளவுகோலாகக் கொண்டால் இன்றைய தீர்வு எத்தகையது என்பது தெளிவாகும். அதில் காட்டு உண்டு. பதப்பொருள் ஓரளவு உண்டு. சூத்திரத்தின் கருத்து இல்லை. படிப்பவர் மனத்தில் எழும் தடையை வினாவாக எழுப்பி விடை கூறும் பகுதி அறவே இல்லை. ‘ஏன் இவ்வாறு கொள்ளலாகாது?’ என்று தாமே வினவி விடையிறுத்த உரையாசிரியர்களின் மரபு, அதே மொழியில் எழுதப்படும் அறிவியல் உரையில் தொடரவில்லை.

பாடம் கேட்டலைப் பற்றி அதே பாயிரம் கூறுவதும் ஈண்டுப் பொருந்தும். ஆசிரியர் கூறியதை நன்கு கொண்டவர் புலமையில் காற்கூறே பெறுகிறார். உடன்பயில்வோரோடு பழகிப் பெறுவது மற்றொரு காற்கூறு. எஞ்சிய அரைக்கூறு தாம் பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிறைகிறது. எரிக் மசூர் 1990களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், மாணவர் தமக்குள் விவாதித்துக் கருத்து வினாக்களுக்கு விடை காணும் முறையை இயற்பியல் வகுப்பில் வளர்த்தெடுத்தார். நன்னூலார் நவீன முறையை முன்னரே கண்டுவிட்டார் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. நன்னூல் கூறுவது நூற்பயிற்சி. மசூரின் முறை சோதனைத் தரவுகளால் மதிப்பிடப்பட்டது. கற்றது தன் வாய்மொழியாக வெளிப்படும்போதே உறுதிப்படுகிறது என்ற அளவில் இரண்டும் உடன்படுகின்றன.

8. துணைபுரியும் முறை: ஒரு மாதிரி

மேற்கண்டவற்றை ஒரு கணக்கில் பொருத்திப் பார்க்கலாம். ‘மின்தூக்கி ஒன்று மேல்நோக்கிச் செல்கிறது. நிற்கவேண்டிய தளத்தை நெருங்கும்போது அதன் வேகம் ஒவ்வொரு வினாடியும் 2 மீ/வி குறைகிறது. உள்ளே நிற்பவரின் நிறை 60 கி.கி. அவ்வேளையில் தரை அவர்மீது செலுத்தும் விசை எவ்வளவு?’

‘மேல்நோக்கி’ என்ற சொல்லைக் கண்டவுடன் 10உடன் 2ஐக் கூட்டி 720 நியூட்டன் என்று விடை எழுதுவது எளிதில் நேரக்கூடிய தவறு. ‘கூட்டாதே, கழி’ என்று திருத்துவது துணையாகாது. அது அடுத்த கணக்கில் எதிர்த்திசைத் தவற்றுக்கு வழி வகுக்கும். மாறாக, துணைபுரிவோர் வினாக்களை வரிசைப்படுத்தலாம். அவர்மீது எவை எவை விசை செலுத்துகின்றன? மின்தூக்கி எத்திசையில் செல்கிறது? அதன் திசைவேகம் கூடுகிறதா, குறைகிறதா? மேல்நோக்கிய திசைவேகம் குறைகிறது எனில் முடுக்கம் எத்திசையில் இருக்கும்? அவ்வாறாயின் மேல்நோக்கிய விசை பெரிதா, கீழ்நோக்கிய விசை பெரிதா?

ஐந்தாம் வினாவை அடையும்போது எண் எதுவும் கையாளப்படவில்லை. ஆயினும் கணக்கு பெரும்பாலும் முடிந்துவிட்டது. முடுக்கம் கீழ்நோக்கியது, எனவே தரையின் விசை எடையைவிடக் குறைவு. எடை 600 நியூட்டன். நிகர விசை கீழ்நோக்கி 120 நியூட்டன். தரையின் விசை 480 நியூட்டன். இத்தீர்வில் ‘எனவே’ என்ற சொல் ஏதுவுக்குப் பின் வருகிறது என்பதே முந்தைய வடிவத்திலிருந்து இதற்குள்ள வேறுபாடு. இறுதியில், ‘மின்தூக்கி கீழ்நோக்கிச் சென்று நிற்கும்போது என்னாகும்?’ என்ற ஒரு வினாவை மாணவர் பிறிதொருவருக்கு விளக்குமாறு பணித்தால், அவர் கற்றது விதியையா, இக்கணக்கை மட்டுமா என்பது தெரிந்துவிடும். அங்கு விடை 720 நியூட்டன் ஆகும். முன்னர்த் தவறாக வந்த எண் இங்குச் சரியாகிறது. இரண்டையும் வேறுபடுத்துவது முடுக்கத்தின் திசை ஒன்றே.

9. எழக்கூடிய தடைகள்

மாணவர் மிகுந்த வகுப்பில் இவ்வாறு வினவ நேரமில்லை என்பது முதல் தடை. ஒவ்வொரு கணக்குக்கும் இது தேவையில்லை. பாடத்திற்கு ஓரிரு கணக்குகளை உரையுடன் நடத்தி, ஏனையவற்றை மாணவர் இணையர்களாகச் செய்யலாம். எண்ணிக்கை குறையும், ஆனால் எண்ணிக்கையால் விளையும் பயன் எவ்வளவு என்பது முன்னரே கூறப்பட்டது.

தேர்வு பழைய வடிவத்தையே கோருகிறது என்பது இரண்டாம் தடை. இது வலுவான தடை. ஆயினும் விதியைத் தேர்ந்ததற்கான காரணத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுவதற்கு ஒரு மதிப்பெண் ஒதுக்கினாலே தீர்வின் நடை மாறத் தொடங்கும். மதிப்பெண் உள்ள இடத்திற்கே துணைநூல்களும் செல்லும்.

மொழியை எளிமையாக்கினால் பாடத்தின் தரம் தாழும் என்பது மூன்றாம் தடை. வாக்கியத்தைப் பிரித்தெழுதுவதால் இயற்பியல் எளிதாவதில்லை. மொழியால் விளைந்த இடர் நீங்கி, இயற்பியலுக்கே உரிய இடர் மட்டும் எஞ்சுகிறது. மாணவர் எதிர்கொள்ள வேண்டியது அதனையே.

10. முடிவுரை

தமிழ்வழியில் பயிலும் மாணவருள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரியை நோக்குபவர். வீட்டில் கேட்டறிய ஆளில்லாத அவர்களுக்கு அச்சிட்ட தீர்வே இரண்டாம் ஆசிரியர். அத்தீர்வு ஏதுவைக் கூறாதபோது, தமக்கு இயற்பியல் வராது என்ற முடிவுக்கு அவர்கள் வருகின்றனர். உண்மையில் அவர்களுக்கு வழங்கப்படாதது உரையே.

இக்கட்டுரையால் மூன்று பணிகள் வலியுறுத்தப்படுகின்றன. தமிழக, இலங்கைக் கலைச்சொற்களுள் ஒரே சொல் இருபொருள் தரும் இடங்களைத் தனியே தொகுத்து, பாடநூல்களிலும் காணொளிகளிலும் குறிப்பாக வழங்குதல் வேண்டும். கணக்கு வாக்கியங்களைப் பொருள் முதலாகவும் காலவரிசையாகவும் அமைக்கும் எழுத்துநெறி ஒன்றை வகுத்தல் வேண்டும். எடுத்துக்காட்டுத் தீர்வுகளில் கருத்தையும் வினா விடையையும் சேர்த்து அவற்றைக் காண்டிகையாக எழுதுதல் வேண்டும். இவற்றை இயற்பியலார் மட்டும் செய்து முடித்தல் அரிது. வாக்கியத்தை அறிந்த தமிழாசிரியரும் விதியை அறிந்த இயற்பியல் ஆசிரியரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு பாடத்தின் கணக்குகளை மட்டுமேனும் திருத்தியெழுதிப் பார்ப்பார்களாயின், அப்பணி எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பது அவர்களுக்கே விளங்கும்.